வேர்க்காத மாப்பிள்ளை

‘பெண் பார்க்க வந்த அன்று. சிதம்பரம். அக்னி நட்சத்திரம், 2012.’

என் மாமா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் ஒரு புகைப்படத்தின் பின்பக்கம் நீல மையில் இப்படி எழுதியிருக்கிறது. கையெழுத்து அத்தையுடையது. வருடத்தை எழுதியவர் நாளை எழுதாமல் விட்டுவிட்டார். அது ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பெரியப்பாவுக்கு அலுவலகம் இல்லாத நாள் அது ஒன்றுதான். அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்து, அக்னி நட்சத்திரத்துக்குள் விழும் ஞாயிறுகளில் பெரியப்பா ஒதுக்கியிருக்கக்கூடிய அஷ்டமியையும் அமாவாசையையும் கழித்துப் பார்த்தேன். இரண்டு மிஞ்சின. அதற்கு மேல் என்னால் நெருங்க முடியவில்லை.

படத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். நடுவில் சக்கர நாற்காலியில் மாமா. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வெள்ளை முழுக்கைச் சட்டை உடம்போடு ஒட்டி உள்ளே பனியன் தெரிகிறது. சுற்றி நிற்பவர்களோ பூவும் பொட்டுமாக, உலர்ந்து நிற்கிறார்கள்.

“என்னாங்க இது, மாப்ள ஆத்துல உழுந்துட்டாரா?” என்பார்கள்.

மாமா அத்தையைக் காட்டுவார். “தள்ளி உட்டது அவுங்கதான்.”

இந்தப் பதிலில் பாதிக்கும் மேல் உண்மை என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. கடலூரில், திருப்பாப்புலியூரில், எங்கள் வீட்டிலேயே இருந்தார். முன்பு கோயில் திருவிழாக்களுக்குச் சீரியல் விளக்கு கட்டுகிற வேலை. நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு கோபுரத்துச் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. கைகள் தப்பின. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. பிறகு உட்கார்ந்த இடத்திலேயே செல்போன் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு எங்கள் வாசல் அறையைக் கடையாக்கினார். அப்பா அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அதனால் எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நின்று பேசுகிற பொறுப்பை அப்பாவின் அண்ணனான பெரியப்பா ஏற்றுக்கொண்டிருந்தார். யாரும் கொடுக்கவில்லை, அவரே ஏற்றுக்கொண்டதுதான்.

மாமாவுக்கு உணர்ச்சியோடு சேர்ந்து வேர்வையும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே இதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நம் உடம்பு சூடேறினால் வேர்த்துத் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். இவர் உடம்பு அதைச் செய்யாது. வெயில் காலத்தில் நீங்கள்தான் ஆற்ற வேண்டும் என்றார்கள். அம்மா இதைக் கேட்டுப் பயந்தார். பெரியப்பாவும் பக்கத்தில் நின்றுதான் கேட்டார். ஆனால் அவர் கேட்டது, மாமாவுக்கு வேர்க்காது என்கிற அளவோடு நின்றுவிட்டது. வேர்க்காத உடம்பு குளிர்ந்த உடம்பு, குளிர்ந்த உடம்பு யோகக்கார உடம்பு என்று அவராகவே மேலே கட்டிக்கொண்டார்.

“நாம தொப்பலா நனையிறோம். மச்சானப் பாரு, காலைல போட்ட சட்ட சாயங்காலம் வரைக்கும் மொடமொடன்னு இருக்குது. யாருக்கு வரும்?” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த அந்த வருடக் கோடை எங்கள் வீட்டுக்கு மற்ற கோடைகளைப் போல இல்லை. முந்தைய டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது. வாசல் வேப்பமரம் வேரோடு சாய்ந்தது. ஓடுகள் பறந்தன. ஓட்டுக்குப் பதில் தகரம் போட்டார்கள். தெருவில் மரமே இல்லாததால் வெயில் கேட்பாரில்லாமல் உள்ளே வந்தது. போதாக்குறைக்கு மின்வெட்டு. எப்போது வரும், எப்போது போகும் என்று மின்விசிறிக்கே தெரியாது.

அம்மா சில ஏற்பாடுகள் செய்திருந்தார். முடிதிருத்தகத்தில் பார்ப்போமே, தண்ணீர் பீய்ச்சுகிற புட்டி, அது ஒன்று மாமா கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் இருக்கும். கழுத்தில் ஈரத்துண்டு. நாற்காலியின் இரும்பு சுடாமலிருக்க அதன்மேல் சுற்றிய பழைய பருத்திப் புடவை. இவற்றோடு நான் செய்த ஏற்பாடு ஒன்றும் உண்டு.

அக்னி நட்சத்திர நாட்களில் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டுவார்கள். அடியில் சிறு துளையிட்ட செம்பு. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக நாள் முழுவதும் தண்ணீர் சாமியின் தலையில் விழும். எதற்கு என்று கேட்டேன். சாமிக்கு வெயில் தாங்காது என்றார் அம்மா. வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன்.

“அவருக்கே தாங்கலையா? அப்ப எனக்கும் ஒண்ணு கட்டு பாப்பா” என்றார் மாமா.

கட்டினேன். ஒரு பிளாஸ்டிக் புட்டியின் அடியில் ஊசியால் துளையிட்டு, ஜன்னல் கம்பியில் கயிறு போட்டு, அது மாமாவின் தோள்துண்டில் சொட்டுகிற மாதிரி. வேலை செய்கிற நேரத்தில் கிடையாது; பிரித்துப்போட்ட போன்களுக்கு ஆகாது. மதியம் கடையை மூடிய பிறகுதான். “அர்ச்சகரே, அபிஷேகம் லேட்டாவுது. சாமி கோவிச்சுக்கும்” என்று மாமா குரல் கொடுப்பார். நான் ஓடுவேன். எனக்குள் ஒரு சித்தாந்தமே உருவாகியிருந்தது. சாமி நடக்காது, மாமாவும் நடக்க மாட்டார். சாமியைச் சக்கரம் வைத்துத் தள்ளுவார்கள், மாமாவையும். சாமிக்கு வேர்க்காது, மாமாவுக்கும் வேர்க்காது. இரண்டு பேரும் ஒரே வகை. இதை யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.

இப்படிப்பட்ட சமயத்தில்தான் சிதம்பரத்து வரன் வந்தது. பெண்ணுக்குச் சிறு வயதில் போலியோ. ஒரு காலுக்கு இரும்புக் கம்பி வைத்த காலிப்பர் போட்டு, கைத்தடி ஊன்றி நடப்பவர். ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் தட்டச்சு வேலை. அம்மா இல்லை, அப்பா மட்டும். அதற்கு முன் மாமாவுக்குப் பார்த்த வரன்களில் பெண்வீட்டார் நாற்காலியைப் பார்த்ததும் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்தார்கள். அதனால் இந்த முறை மாமா வழக்கம்போல் கேலி பேசவில்லை. சட்டைக்கு இஸ்திரி போடும்போது பக்கத்திலேயே இருந்து மேற்பார்வை பார்த்தார். அதை வைத்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. போட்டோவில் பார்த்த பெண்ணை அவருக்குப் பிடித்திருந்தது.

புறப்படும்போது பெரியப்பா சட்டதிட்டம் சொன்னார். “ஈரத்துண்டு, பீச்சாங்குழல் இதெல்லாம் அங்க கொண்டாரக் கூடாது. சீக்காளின்னு நெனச்சிடுவாங்க. ஆம்பள கம்பீரமா ஒக்காரணும்.”

“வெயில் ஜாஸ்தியா இருக்குதே” என்றார் அம்மா.

“வேர்க்காதவனுக்கு வெயில் என்னாம்மா, மழ என்னா?”

அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா, “ஒரு வேளதானக்கா. சமாளிச்சிக்கலாம்” என்றார். அம்மா புட்டியில் தண்ணீர் நிரப்பிப் பூ வைத்திருந்த பைக்குள் பூவோடு பூவாகச் செருகினார்.

வாடகைக் கார் அது. ஏசி கிடையாது. நாற்காலியை மடக்கி மேலே கட்டியாயிற்று. மாமா முன்சீட்டில். அனல் காற்று முகத்தில் அடித்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் பெரியப்பா தூங்கிவிட்டார். புதுச்சத்திரத்தில் வண்டியை நிறுத்தி எல்லோரும் இளநீர் குடித்தோம். மாமா மட்டும் வேண்டாம் என்றார். நுங்கு வாங்கினோம். அதுவும் வேண்டாம் என்றார். அம்மா வற்புறுத்தியதற்கு, “போயிட்டு வந்து குடிக்கிறேன்கா” என்றார். காலையில் காப்பியும் குடிக்கவில்லை. நான் அவர் பங்கு நுங்கையும் தின்றுகொண்டே, மாமா விரதம் இருக்கிறார், பெண் கிடைக்க வேண்டுமென்று, என முடிவு செய்தேன். அந்த வயதில் எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கிடைத்துக்கொண்டிருந்தது.

சிதம்பரத்து வீடு முன்னால் குறுகி உள்ளே நீண்டு போகிற வீடு. நாற்காலியோடு மாமாவைத் தூக்கி வாசல்படி ஏற்றினார்கள். கார் டிரைவர் நிழல் தேடி வண்டியை எங்கோ கொண்டுபோய்விட்டார். பை அதற்குள்ளேயே போய்விட்டதை அம்மா கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார். வெற்றிலைத் தட்டு மட்டும் கையில் இருந்தது. எழுந்து போகப் பார்த்தார். பெரியப்பா பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தார்.

பெண்ணின் அப்பா காப்பித் தட்டைத் தாமே ஏந்தி வந்தார். “பொண்ணுதான் கொண்டாரணும்னு சொல்லுவாங்க. அவ ஒரு கையில தடி புடிச்சிருப்பா. தட்டக் கொடுத்து வித்த காட்டச் சொல்றதுக்கு எனக்கு இஷ்டமில்லைங்க” என்றார். பெரியப்பா பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பின்னாலேயே அந்த அக்கா தடி ஊன்றி வந்து, மாமாவுக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, நேராக அவரைப் பார்த்து வணக்கம் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் குனிந்துகொண்டு வரவில்லை என்பதுதான் காரணம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. விசிறி இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. கூடத்தில் காற்று வர வழியில்லை. எல்லோரும் வேர்க்கத் தொடங்கினோம். பெரியப்பாவுக்கு இது நல்ல சகுனமாகத் தோன்றியது.

“பாருங்க, நமக்கெல்லாம் ஊத்துது. எங்க மாப்ளைக்கு ஒரு சொட்டு வராது. அப்பிடி ஒரு ஒடம்பு. உங்க பொண்ணுக்குச் சட்ட தொவைக்கிற வேலையே மிச்சம்!”

யாரும் சிரிக்கவில்லை. மாமாவும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. பெரியப்பா இப்படி எதையாவது சொன்னால் மாமா சும்மா விடுகிறவர் அல்ல. முகம் சிவந்து, உதடு காய்ந்து, எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடை எப்பிடிப் போவுதுங்க?” என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

மாமாவுக்குக் காதில் விழவில்லை. மறுபடி கேட்டார்.

“பேட்டரியக் கழட்டிட்டீங்களா?” என்றார் மாமா. நாக்கு குழறியது.

“என்னா?”

“சாரத்த நல்லாப் புடி. நவுருது.”

பெண்ணின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறியது. பெரியப்பாவைப் பார்த்து, குரலை அடக்கிக்கொண்டு கேட்டார். “பெரியவரே, மறைக்காமச் சொல்லுங்க. மாப்ள குடிச்சிட்டு வந்திருக்காரா?”

அம்மா எழுந்துவிட்டார். அதற்குள் நான் பேசிவிட்டேன். என் மாமாவை அந்த ஆள் தப்பாகப் பேசிவிட்டார் என்கிற ரோஷம்.

“எங்க மாமா ஒண்ணும் குடிக்கல. காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல. எளநியும் வேணாம்னுட்டாரு, நுங்கும் வேணாம்னுட்டாரு. நீங்க வேணா கேட்டுப் பாருங்க!”

அந்த அக்கா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

“வேர்க்காதுன்னாங்களே. வேர்க்கலன்னா சூடு எப்பிடி வெளிய போவும்?” என்று கேட்டார்.

நான் மாமாவின் பின்கழுத்தைத் தொட்டேன். இட்லிப்பானை மூடியைத் தொட்ட மாதிரி இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். மாமா ஒரு பக்கமாகச் சரிய ஆரம்பித்தார்.

அம்மா பாய்ந்து அவரைத் தாங்கிக்கொண்டார். அந்த நிமிடத்திலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டார். பெரியப்பாவிடம் அதுவரை தலை குனிந்தே பேசியவர், “நாற்காலியப் பின்னால புடிங்க, அசையக் கூடாது” என்று உத்தரவு போட்டார். பெரியப்பா பிடித்தார். “சட்டைய அவுக்கணும். டாக்டரு யாராவது பக்கத்துல இருக்காங்களா? தண்ணி எங்க?”

பெண்ணின் அப்பா முதலில் எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு அடுத்த தெரு டாக்டரிடம் ஓடச் சொன்னார். பிறகு, “பின்னால பாத்ரூமுக்குத் தள்ளிக்கிட்டுப் போலாம்” என்றார்.

“கதவு இம்மாந்தான்பா இருக்குது. நாற்காலி போவாது” என்றார் அந்த அக்கா. “இங்கயே ஊத்துங்க.”

“கூடத்துலயா?”

“தட்டெல்லாம் எடுங்கப்பா.”

பெண்ணின் அப்பா ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு கேசரியையும் பஜ்ஜியையும் வாரி ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, பின்கட்டிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். அம்மாவுக்கு இரண்டு கையும் மாமாவைத் தாங்குவதில் இருந்தன. பெரியப்பா நாற்காலியைப் பிடித்திருந்தார். செம்பை மாமாவின் தலைக்கு மேல் தூக்கி ஊற்ற எனக்கு எட்டாது. அந்த அக்கா தம் நாற்காலியை இழுத்து மாமாவை ஒட்டிப் போட்டுக்கொண்டார். நான் குடத்தில் செம்பை முக்கி முக்கிக் கொடுக்க, அவர் வாங்கி வாங்கி ஊற்றினார். தலையில், கழுத்தில், அக்குளில், நெஞ்சில். அம்மா இடம் சொல்லச் சொல்ல ஊற்றினார். சிவப்புத் தரையில் தண்ணீர் வாசல்வரை ஓடியது. அவருடைய பட்டுப்புடவையும் காலிப்பரின் தோல்வாரும் நனைந்துவிட்டன. அவர் கவனிக்கவே இல்லை.

பெரியப்பா நாற்காலியைப் பிடித்தபடியே, “ரொம்ப ஊத்தாதீங்க, சளி புடிச்சிக்கும்” என்றார். ஒருவரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. பெண்ணின் அப்பா காலண்டர் அட்டையைக் கழற்றி விசிறினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் மோரை மாமாவின் வாயருகில் கொண்டுபோனார். அம்மா தடுத்தார். “இப்ப வேணாங்க. நெனவு தெளியட்டும். புரையேறிடும்.”

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் செம்பு கொடுக்கிற வேலை இருந்ததால் அழ நேரமில்லை. வீட்டில் செய்கிற மாதிரியே, “சாமி, அபிஷேகம் ஆவுது” என்றேன். இன்னொரு குடம் காலியாயிற்று. மறுபடி சொன்னேன்.

மாமா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். “லேட்டு” என்றார்.

அம்மா உட்கார்ந்து அழுதார். அப்போதுதான் டாக்டர் வந்தார். தொட்டுப் பார்த்தார், சூடு பார்த்தார், ஓடியிருந்த தண்ணீரைப் பார்த்தார். இவ்வளவு நேரம் ஊற்றினீர்களே, அதனால்தான் பேசிக்கொண்டிருக்கிறார் என்றார். காரை வரவழைத்துத் தம் கிளினிக்குக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம்வரை டிரிப் ஏற்றினார். தண்ணீர் ஏன் குடிக்கவில்லை என்று அங்கேதான் கேட்டார்கள். மாமா டிரிப் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“போற எடத்துல பாத்ரூம் கதவு எவ்ளோ அகலம்னு தெரியாது டாக்டர். குடிச்சா போவணும். பொண்ணு பாக்கப் போன எடத்துல, தூக்குங்கன்னு எப்பிடிக் கேக்கறது?”

பெரியப்பா வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டார். அன்றைக்குப் பிறகு அவர் மாமாவின் வேர்வையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மாறாக, எங்கே கிளம்பினாலும், “தண்ணி புட்டி எடுத்தாச்சா? அங்க கக்கூசு எப்பிடின்னு கேட்டாச்சா?” என்று முதல் ஆளாகக் கேட்டு எல்லோரையும் படுத்தியெடுத்தார். போன் போட்டு, முன்பின் தெரியாதவர்களிடம்கூடக் கதவின் அகலத்தை அளந்து சொல்லச் சொல்வார்.

டிரிப் முடிந்ததும், வந்த காரியம் பாதியில் நிற்கிறதே என்று மறுபடி அந்த வீட்டுக்கே போனோம். ஆறிய பஜ்ஜியைச் சாப்பிட்டோம். மாமா பெண்ணின் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார். “நீங்க என்னா தம்பி கேக்கறது? குடிச்சிருக்காரான்னு கேட்டது நானு” என்று அவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா அந்த அக்காவிடம், “உங்க பொடவ வீணாப்போச்சு” என்றார்.

“பொடவ காஞ்சிடும். உங்கள அப்பிடிக் காய உட முடியாது” என்றார் அவர். “வெயில் எறங்கினாலும் காரு கொதிக்கும். நனைச்சுதான் அனுப்புவேன். சம்மதமா?”

“சட்டையோடயா?”

“சட்டையோடதான்.”

மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையைக் காட்டினார். அவர் ஊற்றினார். பெரியப்பா அந்த இடத்தில்தான் தம் புதுப் போனை எடுத்து, எல்லோரையும் நிற்கவைத்துப் படம் பிடித்தார். முன்பு சொன்ன புகைப்படம் அதுதான்.

மாமாவைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா என்னை ஜன்னலண்டை கூப்பிட்டார். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

“பாப்பா, உங்க வூட்டு வாசல்ல படி இருக்குதா?”

“இருக்குது. பலகை போட்டு மாமாவ ஏத்துவோம்.”

“பலகை ரொம்பச் சரிவா?”

“நான் அதுல சறுக்கி வெளையாடுவேன்.”

“கூரை ஓடா?”

“தகரம். ஓடு புயல்ல போயிடுச்சு.”

“அதுக்கு மேல கீத்து போடணும்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். “பாத்ரூம் கதவு பெருசா?”

“அப்பா லீவுல வந்தப்ப இடிச்சுப் பெருசாக் கட்டிட்டாரு. நாற்காலியே உள்ள போவும்.”

“உள்ள தரை வழுக்குமா?”

“சோப்பு போட்டா வழுக்கும்.”

அவர் தலையாட்டிவிட்டு என் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து அனுப்பினார்.

எனக்கு மனது கனத்துவிட்டது. இவ்வளவு நேரம் நன்றாக இருந்தவர் கடைசியில் எங்கள் வீட்டைக் குறை சொல்கிறாரே என்று. தகரக் கூரை, சரிவுப் பலகை, வழுக்குகிற தரை. நான் உண்மையைச் சொல்லாமலிருந்திருந்தால் மாமாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். கார் வெள்ளாற்றுப் பாலம் ஏறும்வரை அடக்கி வைத்திருந்தேன். பிறகு முடியவில்லை.

“அந்த அக்காவுக்கு நம்ம வூடு புடிக்கலம்மா” என்றேன். “தகரமான்னு கேட்டாங்க. பலகை சரிவான்னு கேட்டாங்க. பாத்ரூம் தரை வழுக்குமான்னு வேற கேட்டாங்க.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “கடைசியா என்னா கேட்டாங்க?”

“தரை வழுக்குமான்னு.”

“வழுக்குமான்னா கேட்டாங்க? நல்லா ஞாபகம் இருக்குதா?”

“ஆமா.”

முன்சீட்டில் மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈரத்தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்தது. அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, “ஏண்டி, வழுக்குமான்னு யாருக்காகக் கேட்டாங்க? உங்க மாமா என்னிக்குடி பாத்ரூம்ல நடந்தாரு?” என்று கேட்டார்.

“அவருதான் நடக்கவே மாட்டாரே” என்றேன் நான்.

பெரியப்பா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. நடக்காதவரைப் பற்றி நடக்காதவர் என்று சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கோபமாக வந்தது. வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்கு ஆதாரமாகப் பத்திரிகையே இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆதாரம் இல்லை. அத்தையிடம் பலமுறை கேட்டுவிட்டேன். படியைப் பற்றிக் கேட்டது ஞாபகம் இருக்கிறது, கீற்றைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது, தரையைப் பற்றித் தான் கேட்கவே இல்லை, முதல்நாளே அப்படியெல்லாம் கேட்கிற ஆளா நான் என்கிறார். அம்மாவும் மாமாவும் நான் சொல்லித்தான் கேள்விப்பட்டவர்கள். அவர் கேட்டார் என்பதற்கு இன்றைய தேதிவரை என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை. எனவே இதை உறுதிசெய்யப்படாத செய்தி என்றே குறித்து வைக்கிறேன்.